நடுவரை அடித்த கை

அத்தியாயம் ஆறு

முதல் குத்து சில்லறையின் மூக்கில் விழுந்தது.

அது அவனுக்கு வர வேண்டிய குத்து இல்லை. சலூன்காரர் கறிக்கடைக்காரரைக் குறிவைத்து விட்ட குத்து. கறிக்கடைக்காரர் சட்டென்று குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்த சில்லறை குனியவில்லை.

"இந்தக் குத்துக்கு எத்தனை மார்க் சார்?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது.

"அய்யய்யோ! தம்பி, உன்மேல படும்னு நெனக்கல" என்றார் சலூன்காரர், ஈரத்துண்டை எடுத்து நீட்டியபடி.

"பரவாயில்லண்ணே. குத்துச்சண்டை சாம்பியன் இரும்போட ரசிகர்தானே நீங்க. குறி தப்பறது உங்க பரம்பரைக்கே உள்ளதுபோல."

கறிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சலூன்காரர் மறுபடியும் கையை ஓங்கினார்.

"போதும்" என்றாள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்.

அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் எலும்புகளைப் படம் பிடித்துவிட்டு, இப்போது துப்பறியும் தொழிலுக்கு வந்திருக்கிறாள். சில்லறை அவளுடைய உதவியாளன். பஸ் கண்டக்டராக இருந்தபோது பயணிகளுக்குச் சில்லறைக்குப் பதிலாக நகைச்சுவை கொடுத்து அனுப்பியவன். வேலை போய்விட்டது. பெயர் போகவில்லை.

சலூன் வாசலில் வெல்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு. உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் வரவில்லை.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, குத்துச்சண்டைக்கு மார்க் போடும் நடுவர் ஒருவரை அவருடைய அறைக்குள்ளேயே வைத்து யாரோ அடித்து நொறுக்கிவிட்டார்கள். தாடை உடைந்தது. நான்கு விலா எலும்புகள் போயின. வலது கை விரல்கள் மிதிபட்டு நசுங்கின. மறுநாள் போலீஸ் வெல்டரைப் பிடித்துக்கொண்டு போனது. இன்று சனிக்கிழமை, நான்கு மணிக்கு அவனைக் கோர்ட்டில் நிறுத்தி சிறைக்கு அனுப்பப்போகிறார்கள். இப்போது மணி பதினொன்று.

"அக்கா, அவருக்கு வாய் மட்டும்தான் குத்துச்சண்டை" என்றாள் மனைவி வாசலிலிருந்து. "வீட்டுல கரப்பான் வந்தா நான்தான் அடிக்கணும். குழந்தை பொறக்கும்போது அவர் வெளியில இருக்கணும்கா. எனக்கு வேற யாரும் இல்ல."

எக்ஸ்ரே தலையசைத்தாள். சலூன்காரர் பக்கம் திரும்பினாள். "வெல்டர் என்ன சொன்னான்?"

"மார்க் போட்ட அந்தக் கையை ஒடைக்கணும்னான்."

"நீங்க?"

"நானா? எனக்கு என்ன கோபம்? இரும்புதான ஜெயிச்சான்! இதோ, இந்த ஒட்டகத்தோட ஆளுங்க அத்தனை பேரும் அதையேதான் கத்திக்கிட்டு இருந்தாங்க. ஆறு வாரமா என் கடையில முடி வெட்டினதைவிட வாய் வெட்டினதுதான் அதிகம்."

இரும்பு சாம்பியன். ஒட்டகம் அவனிடம் தோற்றவன். நீளக் கழுத்து, நீளக் கை. ஆறு வாரங்களுக்கு முன் பன்னிரண்டு ரவுண்டு மோதினார்கள். மூன்று நடுவர்களில் ஒருவர் இரும்பு என்றார், ஒருவர் ஒட்டகம் என்றார். மூன்றாமவர் இரண்டே மார்க் வித்தியாசத்தில் இரும்புக்குக் கொடுத்தார். அந்த மூன்றாமவர்தான் இப்போது ஆஸ்பத்திரியில் கிடப்பவர்.

"எட்டு ரவுண்டு ஒட்டகத்தோடது!" என்று கறிக்கடைக்காரர் மேசையில் தட்டினார். "கண்ணைக் கட்டிக்கிட்டுப் பார்த்தாலும் எட்டுதான்!"

"தொட்டுட்டுத் தொட்டுட்டு ஓடறதெல்லாம் அடியாய்யா? நெருங்கிப் போய் நின்னது யாரு?"

"நின்னான். அதைத்தான் நானும் சொல்றேன். சும்மா நின்னான்! இரும்பாம் இரும்பு. துரு! முதல்ல ஒரு கிழட்டு வீரன்கிட்ட உயிரைப் பிடிச்சுக்கிட்டு ஜெயிச்சான். அடுத்தது சமன். அப்புறம் இது. கையைத் தூக்கணும்னாகூட மனு போட்டாதான் தூக்குறான்."

"அது அனுபவம்யா. தேவைப்பட்டாதான் அடிப்பான்."

"எப்போ தேவைப்படும்? பென்ஷன் வாங்கின பிறகா?"

சண்டையைப் போனில் போட்டுக் காட்டினார்கள். இருவரும் அதை நூறு முறையாவது பார்த்திருப்பார்கள். ஒட்டகத்தின் நீளக்கை இரும்பின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. இரும்பின் தலை பொம்மைத்தலைபோல ஆடியது. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் போனது. அவன் விழவில்லை, அவ்வளவுதான். ஏழாவது ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் அவன் நேராக ஒட்டகத்தின் மூலைக்கு நடந்தான்.

"பாருங்க, பாருங்க! எதிராளி எடத்துக்கே போய் மொறைக்கிறான்! என்ன கெத்து!" என்றார் சலூன்காரர்.

தலைமுடியை இறுக்கிப் பின்னிய ஒரு பெண் கயிற்றுக்குள் பாய்ந்து வந்து, அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பக்கம் உட்கார வைத்தாள்.

"இது யாரு?" என்றாள் எக்ஸ்ரே.

"அவன் தங்கச்சி. அவன் மூலையில அதுதான் நிக்கும். அதுவும் குத்துச்சண்டைதான். ஒன்பது சண்டை, ஒன்பதும் ஜெயிச்சுது. யாரு பார்த்தா?"

எக்ஸ்ரே எழுந்தாள். "இத்தனை பேர் கத்தியிருக்காங்க. வெல்டரை மட்டும் ஏன் பிடிச்சாங்க?"

"அன்னைக்கு நடுவர் தெருவுல ஒரு வீட்டு கேட்டுக்கு வெல்டிங் வைக்கப் போயிருக்கான். கையில சுத்தியல் வேற."

"நான் காலையில நடுவரைப் பார்த்தேன். உடம்பு பூரா முஷ்டி பட்ட தடம். சுத்தியல் வெச்சிருக்கறவன் எதுக்கு முஷ்டியால அடிக்கணும்?"

சலூன்காரர் தன் முஷ்டியைப் பார்த்து, அதை மெல்ல விரித்தார்.

"இன்னொண்ணு" என்றாள் எக்ஸ்ரே, தெருவில் இறங்கியதும். "தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, அவரால பேச முடியாது. தலையசைக்க முடியும். 'வெல்டரா'ன்னு கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டார். 'வேற யாரு'ன்னு கேட்டேன். அப்பவும் சுவர்தான்."

"பயம்க்கா."

"பயந்தவன் கண்ணை மூடுவான். இவர் அழுதார்."

நடுவரின் அறை மாடியில் இருந்தது. கட்டில், மேசை, ஒரு முக்காலி. மேசை கவிழ்ந்து கிடந்தது. சுவரில் ரத்தம் விசிறியடித்திருந்தது. தரையில் ஒரு பல்.

"மேல் வரிசைதான்" என்றான் சில்லறை, அதைப் பார்க்காமல் பார்த்தபடி. "நான் வெளியில நிக்கவா?"

எக்ஸ்ரே ஒரு மூலையைக் காட்டினாள். அங்கே சுவரில் ரத்தம் விசிறவில்லை. உட்கார்ந்தவன் தோள் உயரத்தில் ஒரு தேய்ப்பு. கீழே, ஒரே இடத்தில், துப்பித் துப்பிச் சேர்ந்த ரத்தம்.

"அடிக்கு நடுவுல இங்க வந்து உக்காந்திருக்கார். ஒரு தடவை இல்ல, பல தடவை."

"அடிக்கிறவன் விட்டானா?"

கீழ்வீட்டில் ஒரு பெண்மணி இருந்தாள். கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்து, பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. கதவைத் திறந்ததும், "மாடியில இனிமே மெத்தை அடிக்க மாட்டாங்கதானே?" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்போ அப்படித்தான் நெனச்சேன். டொம் டொம்னு விழும். அப்புறம் நின்னுடும். நின்னதும் நான் வாசிக்க ஆரம்பிப்பேன். ஒரு பத்தி முடிக்கறதுக்குள்ள மறுபடியும் டொம் டொம். நாலு தடவை. அன்னைக்கு என் வேலையே ஓடல."

"யாராவது கத்தினாங்களா?"

"ஒரு சத்தமும் இல்லம்மா. அதனாலதான் மெத்தைன்னு நெனச்சேன்." அவள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "மேல ஒரு மனுஷன் அடி வாங்கிக்கிட்டு இருந்திருக்கார். நான் கீழ காதல் கதை வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"அந்தப் பதிவு இருக்கா?"

"சத்தம் விழுந்த எடத்தை இன்னும் வெட்டல. தேடி எடுத்து அனுப்புறேன்."

வெளியே வந்ததும் சில்லறை விரலைச் சொடுக்கினான். "அக்கா! கோபத்துல அடிக்கறவன் மூச்சு முட்டினா நிறுத்துவான், இல்ல ஆள் விழுந்தா நிறுத்துவான். இவன் மணி அடிச்ச மாதிரி நிறுத்தியிருக்கான். ரவுண்டு போட்டு அடிச்சிருக்கான்! ரசிகனுக்கு இது வராது. இது தொழில்காரன் வேலை. நடுவர்மேல கடுப்புல இருக்கற தொழில்காரன் யாரு?"

"சொல்லு."

"நீளக் கழுத்து."

ஒட்டகம் பயிற்சிக்கூடத்தில் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். அன்று மாலை ஆறு மணிக்கு இரும்போடு மறு சண்டை. சுவரில் ஒரு பெரிய ரவுண்டு கடிகாரம். குத்தும் நேரத்துக்குப் பச்சை விளக்கு, ஓய்வுக்குச் சிவப்பு, மாறும்போதெல்லாம் மணி.

"வியாழக்கிழமை மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?" என்றான் சில்லறை.

ஒட்டகம் பதில் சொல்லவில்லை. மூட்டையைப் பிடித்திருந்த ஆளை நகரச் சொல்லிவிட்டு, சில்லறையின் தோளைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினான். அவன் கை புறப்பட்டது. சில்லறையின் காதுக்கு ஓர் அங்குலம் தள்ளி, சுவரில் மாட்டியிருந்த பலகை இரண்டாகப் பிளந்தது.

"நடுவரை அடிச்சேன்னா சொல்ற?"

"இல்லண்ணே. உங்க பலகை ரொம்பப் பழசுன்னு சொல்ல வந்தேன்."

"பேப்பர்காரங்க நாப்பது பேர் முன்னாடி உக்காந்திருந்தேன். எல்லாத்துலயும் போட்டோ வந்திருக்கு. மறு சண்டை கெடச்சிருக்கும்போது நான் ஏன்யா போய் அந்த ஆளைத் தொடணும்?" ஒட்டகம் கையை உதறினான். "நான் அடிச்சிருந்தா நாலு தடவை நிறுத்தி அடிக்க வேண்டி வந்திருக்காது."

"நாலு தடவைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் எக்ஸ்ரே.

"உங்க ஆளு வாசல்லருந்தே கத்திக்கிட்டுத்தானே வந்தான்."

எக்ஸ்ரே சில்லறையைப் பார்த்தாள். சில்லறை கூரையைப் பார்த்தான்.

அப்போது அவள் போன் ஒலித்தது. பதிவு வந்துவிட்டது. அவள் அதைப் பெஞ்சில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

'அவன் வருவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது' என்று கனிவான குரல் வாசித்தது. டொம். டொம், டொம். குரல் 'ச்சே' என்றது. டொம், டொம். இடையில் ஏதோ முறிந்தது. எக்ஸ்ரே அந்தச் சத்தத்தை அறிந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டாள். அடி நின்றது. குரல் மறுபடி வாசித்தது. ஒரு நிமிஷம். டொம்.

ஒட்டகம் ரவுண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது முறை அடி நின்றபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"இது நாங்க இல்ல" என்றான். "எங்க ரவுண்டு மூணு நிமிஷம். இது ரெண்டு. மூணு தடவையும் சரியா ரெண்டு. ரெண்டுல எங்க உடம்பு நிறுத்தாது. மூணு நிமிஷத்துல கை தானா எறங்கும், அதுக்கு முன்னாடி எறங்காது."

"ரெண்டு நிமிஷ ரவுண்டு யாருக்கு?"

"பொம்பளைங்களுக்கு."

சில்லறை மூக்கைத் தடவினான். "ஆனா அக்கா, அந்த நடுவர் இரும்பை ஜெயிக்க வெச்சவராச்சே. இரும்போட தங்கச்சி எதுக்கு அவரை..."

"அவ என்கிட்ட வந்தா" என்றான் ஒட்டகம் மெதுவாக. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "மறு சண்டைன்னு அறிவிச்ச அன்னைக்கு. 'எங்கண்ணனைத் தலையில அடிக்காதீங்க. வயித்துல அடிச்சு சீக்கிரமாப் படுக்க வெச்சுடுங்க'ன்னா. ஏதோ மனசைக் கலைக்கிற வேலைன்னு நெனச்சு சிரிச்சு அனுப்பிட்டேன்."

சண்டை மண்டபத்துக்குள் நுழையும்போது மணி மூன்றேகால். உடை மாற்றும் அறைக்கு இரும்புக் கதவு. உள்ளே சாம்பியன் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தான். எதிரே மண்டியிட்டுத் தங்கை அவன் வலது கைக்குத் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் விரல் முட்டிகள் நான்கும் வீங்கிக் கறுத்திருந்தன.

"வாங்க" என்றான் இரும்பு அன்பாக. "யாரு நீங்க?"

"ஒரு விஷயமா உங்க தங்கச்சியைப் பார்க்க வந்தோம்."

"சரி, சரி." அவன் சில்லறையைப் பார்த்துச் சிரித்தான். எக்ஸ்ரேயைப் பார்த்தான். "வாங்க. யாரு நீங்க?"

சில்லறை எக்ஸ்ரேயைத் திரும்பிப் பார்த்தான்.

"கையில நீர் கோத்திருக்கு" என்றாள் எக்ஸ்ரே தங்கையிடம். "படம் எடுத்துப் பார்த்தீங்களா? வியாழக்கிழமைலருந்து வலிச்சிருக்..."

அவள் கை எப்போது கிளம்பியது என்று எக்ஸ்ரே பார்க்கவில்லை. வயிற்றில் விழுந்தது. அறை முழுவதும் வெள்ளையாகி, கறுப்பாகி, மறுபடியும் அறையானபோது எக்ஸ்ரே தரையில் கிடந்தாள். சில்லறை குறுக்கே வந்து நின்றிருந்தான், தன் மெலிந்த இரண்டு கைகளையும் முகத்துக்கு முன் தூக்கிக்கொண்டு.

"தங்கச்சி, ஏற்கனவே இன்னைக்கு ஒண்ணு வாங்கிட்டேன்" என்றான். "இருந்தாலும் நகர மாட்டேன்."

தங்கை தன் கையைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள்.

"அந்த வெல்டரை உள்ள போட்டுட்டாங்கன்னு தெரியும்" என்றாள். "நாளைக்குக் காலையில நானே போய்ச் சொல்லிடுவேன். சத்தியமா. இன்னைக்கு ஆறு மணிக்கு மட்டும் நான் அண்ணனோட மூலையில நிக்கணும். துண்டை எறிஞ்சு சண்டையை நிறுத்த என்னைத் தவிர அங்க யாரும் இல்ல. மத்தவங்க அண்ணன் சாகறவரைக்கும் கைதட்டுவாங்க."

"டாக்டர்?"

"கண்ணுல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார். காலையில அது நல்லாத்தான் பேசும். மதியத்துக்கு மேலதான் இப்படி. மூணு சண்டையா சரியா அடிக்கலைன்னு ஊரே சிரிக்குது. அடி எங்கருந்து வருதுன்னே அதுக்குத் தெரியல."

"நடுவர்கிட்ட எதுக்குப் போனீங்க?"

"'மார்க் தப்பாப் போட்டேன்'னு ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். பட்டம் ஒட்டகத்துக்குப் போயிடும், மறு சண்டை நின்னுடும். அவரு என்ன சொன்னார் தெரியுமா? 'பட்டம் போனா உங்கண்ணன் செத்துருவாம்மா. அதனாலதான் மூணு சண்டையிலயும் தூக்கிவிட்டேன்'னார். அன்பா சொன்னார். தலையைத் தடவினார்." அவள் மூச்சை இழுத்தாள். "அதுக்கப்புறம் அடிச்சேன். ரெண்டு நிமிஷம் ஆனதும் கை தானா எறங்கிடுச்சு. நான் போய் எதிர் மூலையில நின்னேன். அவர் ஓடிடுவார்னு பார்த்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஓடல. முப்பது வருஷமா ரவுண்டு பார்த்த மனுஷன்... மூலையில உக்காந்து, ரத்தத்தைத் துப்பிட்டு, அவரும் காத்துக்கிட்டு இருந்தார்."

"நாலாவதுக்கப்புறம்?"

"எந்திரிக்கல. பத்து எண்ணிட்டு, மார்க் போட்ட அந்தக் கையை மிதிச்சுட்டு வந்துட்டேன்."

இரும்பு பாதி சுற்றிய பட்டியைத் தன் மடியில் வைத்து, சுருக்கம் நீக்கிக்கொண்டிருந்தான்.

"வெல்டரோட மனைவிக்கு எட்டு மாசம்" என்றாள் எக்ஸ்ரே எழுந்து நின்று. "நாலு மணிக்கு அவனை உள்ள அனுப்புறாங்க. என்னால நாளைக்கு வரைக்கும் காத்திருக்க முடியாது."

"நான் இப்போ வந்தா அண்ணன் தனியா மேடை ஏறும்."

"சண்டையை நிறுத்தச் சொல்லி நான் பேசறேன்."

"யார்கிட்ட? டிக்கெட் வாங்கின கூட்டத்துகிட்டயா?"

எக்ஸ்ரே பார்வையைத் தாழ்த்தினாள்.

தங்கை அதைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மிச்சப் பட்டியைப் பொறுமையாகச் சுற்றி முடித்தாள். ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள்.

"இறுக்கமா இருக்காண்ணே?"

"நல்லா இருக்கும்மா."

"இங்க வா. கையை இப்படி நீட்டு."

அவன் எழுந்து வந்தான். அவள் அவனுடைய வலது கையை எடுத்துக் கதவு நிலையின்மேல் வைத்தாள், குழந்தையின் கையை எழுதும் பலகையில் வைப்பதுபோல. எக்ஸ்ரே கதவைப் பார்த்தாள், தங்கையின் தோளைப் பார்த்தாள். தடுப்பதற்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் வாயைத் திறக்கவில்லை.

தங்கை உடம்பு முழுவதையும் கொடுத்து இரும்புக் கதவை அறைந்தாள்.

சில்லறை முகத்தை மூடிக்கொண்டான். ஒருமுறை போதவில்லை. அவள் கதவை இழுத்து மறுபடியும் அறைந்தாள்.

இரும்பு கத்தவில்லை. முட்டி மடங்கி, சுவரைப் பிடித்து, மறுபடி நிமிர்ந்தான். விழாமல் நிற்பது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. பட்டி சிவந்து, சொட்டத் தொடங்கியது. அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் தங்கையைத் தேடினான்.

"எத்தனையாவது ரவுண்டும்மா?"

"முடிஞ்சுதுண்ணே. எல்லா ரவுண்டும் முடிஞ்சுது."

"யாரு ஜெயிச்சது?"

அவள் முகம் உடைந்தது. குரல் உடையவில்லை. "நீதாண்ணே."

அவன் தலையசைத்தான். நல்ல கையைத் தூக்கினான். பாதி தூரத்தில் அது தடுமாறியது. சில்லறை ஓடிப்போய் அந்த மணிக்கட்டைப் பிடித்து, தன் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தான். விடவில்லை.

"நீங்க கெளம்புங்கக்கா" என்றான், திரும்பிப் பார்க்காமல். "ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"மணி என்ன?" என்றாள் தங்கை.

"மூணு நாப்பது."

"கோர்ட்டு?"

"ஓடினா இருபது நிமிஷம்" என்றாள் எக்ஸ்ரே.

தங்கை அதற்குள் படியிறங்கிவிட்டாள். எக்ஸ்ரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.